ஜூலையில் வந்த கணக்கு டீச்சர்: ஒரு தற்காலிக ஆசிரியையின் கல்வியாண்டு

2022 ஜூன் 13 அன்று பள்ளிகள் திறந்தபோது, பண்ருட்டி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் இல்லை. இருந்தவர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குப் பாடவேளை வந்தால், கையில் வேலை இல்லாத ஆசிரியர் யாரோ அவர் போய் உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பை மட்டும் அறிவியல் ஆசிரியர் தன்னால் முடிந்த அளவு பார்த்துக்கொண்டார். ஜூலை இறுதியில் ஒரு தற்காலிக ஆசிரியை வந்து சேர்ந்தார். அடுத்த ஏப்ரல் வரை ஐந்து வகுப்புகளுக்கும் கணக்கு அவர்தான். அந்தக் காலத்தைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற முறையில் இடம்பெற்றிருந்தேன். அதனால் அவருடைய நியமனம் முதல் விடுவிப்பு வரை பக்கத்தில் இருந்து பார்க்க வாய்த்தது. அவருடைய பெயரும் பள்ளியின் பெயரும் இதில் இல்லை. எழுதுவதற்குச் சம்மதம் தந்ததோடு, எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்துச் சில இடங்களைத் திருத்தியும் கொடுத்தார்.

நியமனம்

அந்த ஆண்டு 13,331 ஆசிரியர் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்புவது என்று தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188. மாதத் தொகுப்பூதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். தேர்வு செய்யும் பொறுப்பு அந்தந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிடம் விடப்பட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கும்போது இப்படித் தற்காலிகமாக ஆள் எடுப்பது சரியா என்று வழக்கு எழுந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடையும் விதித்தது. வழிகாட்டு நெறிமுறைகள் திருத்தப்பட்டுத் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று ஆன பிறகே பணிகள் நகர்ந்தன. இதற்குள் எங்கள் பள்ளியில் முதல் இடைப்பருவத் தேர்வு கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது.

ஒரு பள்ளியில் காலிப் பணியிடங்கள் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பாடத்துக்கு ஒருவர் வீதம் ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் போனாலே அது 20 விழுக்காடு. கணக்கு என்ற பாடத்துக்கோ அது நூறு விழுக்காடு. சிறிய பள்ளிகளின் பாடு இதுதான். புள்ளிவிவரத்தில் ஒரே ஒரு காலியிடம், ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

விண்ணப்பித்தவர்களில் இவர் 2013-லேயே தகுதித் தேர்வில் தேறியவர். தேறினால் மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை 149 வந்தபோது, காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களில் இவரும் ஒருவர். இடையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தார். கொரோனா காலத்தில் அந்த வேலை போயிற்று. அதன்பின் வீட்டில் டியூஷன். மாதிரி வகுப்பில் அவர் கரும்பலகைக்குப் போவதற்கு முன் பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் புரட்டினார். அந்த ஒரு செயலுக்காகவே அவரை எடுக்கலாம் என்று நான் சொன்னேன். குழுவில் இருந்த தாய்மார்களும் அதையேதான் கவனித்திருந்தார்கள்.

கையளிப்பு என்று ஒன்று இல்லை

பதிவேட்டில் பத்தாம் வகுப்பின் முதல் இயலான ‘உறவுகளும் சார்புகளும்’ முடிந்தது என்று எழுதியிருந்தது. பிள்ளைகளின் நோட்டிலும் விடைகள் அழகாக இருந்தன. கைடைப் பார்த்து எழுதியவை. சார்புகளின் சேர்க்கையில் ஒரு சிறிய கணக்கைப் போடச் சொன்னபோது யாருக்கும் கை எழவில்லை. இரண்டாம் நாள் அவர் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 7-லிருந்து 12-ஐக் கழிக்கச் சொன்னார். பாதிப் பேர் 5 என்று எழுதினார்கள்.

இந்த வகுப்பின் கதை அப்படிப்பட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இவர்கள் ஏழாம் வகுப்பில் இருந்தார்கள். எட்டாம் வகுப்புக்காக இவர்கள் பள்ளி வாசலை மிதிக்கவே இல்லை. கல்வித் தொலைக்காட்சியும், வீட்டில் செல்பேசி இருந்தால் அதுவும்தான். ஒன்பதாம் வகுப்பு 2021 செப்டம்பரில் தொடங்கி, ஜனவரியில் மறுபடியும் நின்று, பிப்ரவரியில் தொடர்ந்தது. இல்லம் தேடிக் கல்வி வந்தபோது அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்; அப்போது இவர்கள் ஒன்பதில் இருந்தார்கள். குறை எண்ணும் இயற்கணிதமும் காலூன்ற வேண்டிய வயதில் இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பறையே கிடைக்கவில்லை. இதை வரும் ஆசிரியரிடம் யாராவது ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. யார் மீதும் குற்றம் சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படி எழுதிக் கொடுக்கும் வழக்கமே நம் பள்ளிகளில் இல்லை.

ஆசிரியை அலுவலகத்தில் முந்தைய ஆசிரியரின் எண்ணை வாங்கிப் பேசினார். எந்த மாணவி பயத்தால் பேசமாட்டாள், எந்த மாணவன் பாதி நாள் வேலைக்குப் போகிறான், யார் யாரை ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்பதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னாராம். ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கக்கூடிய விஷயம்தான். இவர் அழைக்கும்வரை அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அந்த வாரம் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள்?” என்று கேட்டாள். நியமனக் கடிதத்தின்படி, நிரந்தர ஆசிரியர் வரும் நாள்வரை. அது அடுத்த வாரமாகவும் இருக்கலாம். ஆசிரியை, “உங்கள் பரீட்சை முடியும்வரை இருக்கத்தான் வந்திருக்கிறேன்” என்றார். உறுதி கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் சரியானது என்றுதான் இன்றும் கருதுகிறேன். போகப்போகிறவர் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாததை அவரிடம் காட்டமாட்டார்கள். தெரியாததைக் காட்டாத வகுப்பில் கணக்கு சொல்லித்தர வழியே இல்லை.

காம்பஸ்

அவர் எடுத்த முக்கியமான முடிவு, பாடநூல் வரிசையை விட்டு வடிவியல் வரைதலில் தொடங்கியது. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்ற நிலையில் இந்த இரண்டு மட்டுமே 16. பின்தங்கிய பிள்ளைகளுக்கு இவற்றை முதலில் பழக்குவது எல்லாக் கணக்கு ஆசிரியர்களும் செய்வதுதான். ஆனால் பிப்ரவரியில், கடைசி நேரத்தில் செய்வார்கள். இவர் ஆகஸ்டிலேயே செய்தார். மதிப்பெண்ணை மட்டும் நினைத்துச் செய்யவில்லை. வடிவொத்த முக்கோணம் வரைய குறை எண் தெரிய வேண்டாம். ஒரு கதிரில் சம இடைவெளியில் ஐந்து வில் வெட்டி, ஐந்தாவது புள்ளியை அடிப்பக்கத்தின் முனையோடு இணைத்து, மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு ஓர் இணைகோடும், அது அடிப்பக்கத்தை வெட்டும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஓர் இணைகோடும் போட்டால் 3/5 விகிதத்தில் முக்கோணம் தானாக வந்து நிற்கும். இரண்டு ஆண்டுகளாகக் கணக்கில் எதுவுமே சரியாக வராத பிள்ளைக்கு, ஒன்று சரியாக வந்தது என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அது.

தலைமையாசிரியருக்குத் தயக்கம். இடைப்பருவத் தேர்வு இயல் வரிசைப்படிதான் வரும், அதில் மதிப்பெண் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தக் கவலை நியாயமானது. ஒரு நிரந்தர ஆசிரியர் இதே முடிவை எடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தற்காலிகமாக வந்தவர், எதைச் செய்தாலும் முதலில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் குழுவின் சார்பில் நான் பேசினேன். இடைப்பருவத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. காலாண்டுத் தேர்வில் ஏறியது.

அந்த வகுப்பில் ஒரு பையன் எப்போதும் கைகளை மேசைக்குக் கீழேயே வைத்திருப்பான். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைப்பது பல வீடுகளின் வருமானம். கொட்டையின் ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவனுடைய விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருந்தன. காம்பஸைப் பிடித்தால் வலிக்கும், வழுக்கும். பென்சிலை அழுத்திப் பிடிப்பதால் தாளில் கறையும் விழும். அவன் வரையாமல் உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தபோது, வரையப்பட்ட கோடுகள் சரியாகவும், வில்கள் மட்டும் இடம் மாறியும் இருப்பதைக் கண்டார். பிழை கணக்கில் இல்லை, பிடியில் இருந்தது. காம்பஸின் தலைப்பகுதியில் நூலைச் சுற்றிக் கொடுத்தார். காம்பஸைத் திருகாமல், தாளைத் திருப்பி வில் போடக் கற்றுக் கொடுத்தார். காலாண்டில் அவன் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து எட்டுக்கு எட்டு வாங்கினான். அரையாண்டுக்கு முன், பக்கத்து பெஞ்சுக்காரனின் தாளை அவன் திருப்பிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இந்தப் பணியின் பலன் என்ன என்று ஆசிரியையிடம் கேட்டபோது இந்தப் பையனைத்தான் சொன்னார். கூடவே ஒன்றும் சொன்னார். வருடக்கணக்காக ஒரே பிள்ளைகளைப் பார்க்கிறவருக்கு இவன் இப்படித்தான் என்று ஓர் எண்ணம் படிந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு அந்த எண்ணம் இல்லை. எல்லோரையும் ஒரே நாளில் முதல் முறையாகப் பார்ப்பதால், மற்றவர்கள் கைவிட்டதை எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

தினமும் காலையில் வரும் நோட்டு

பணிச்சுமையில் வெளியே தெரியாத பங்கு பதில் வகுப்புகளுக்குத்தான். ஆசிரியர் யாராவது விடுப்பு என்றால், பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால், காலையில் ஒரு நோட்டு சுற்றி வரும். எந்தப் பாடவேளையில் யார் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்கும். ஐந்து வகுப்புக் கணக்குக்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஓரிரு ஓய்வு வேளைகளில் பெரும்பாலும் அவர் பெயரே இருந்தது. மறுத்துச் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நோட்டு திருத்தும் வேலை இரவுக்குப் போயிற்று.

இந்தப் பாடவேளைகளைப் பெரும்பாலான பள்ளிகளில் சத்தம் போடாமல் உட்கார வைப்பதற்கே பயன்படுத்துகிறார்கள். இவர் அதற்கென ஒரு விதி வைத்துக்கொண்டார்: அந்த வகுப்பின் பாடத்தைத் தொடுவதில்லை, ஆனால் தொடங்கியதை மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு நாள், பலாப்பழத்தை எடைபோட்டு விற்றால் லாபமா, பழக்கணக்கில் விற்றால் லாபமா என்று கேட்டார். பண்ருட்டிப் பிள்ளைகளிடம் பலாவைப் பற்றிக் கேட்டால் கேட்க வேண்டுமா! சுளை, கொட்டை, சடை, தோல் என்று ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கும் என்று அவர்களே மதிப்பிட்டு, விகிதம் போட்டு, தகராறு செய்து, கடைசியில் பழத்தின் அளவைப் பொறுத்தது என்று முடித்தார்கள். விகிதம் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் கணக்கு வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது.

சம்பளமும் கையெழுத்தும்

பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், படிகள் தனி. இவருக்கு மொத்தமே 10,000. (பிறகு இது மூன்று நிலைகளிலும் 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தப்பட்டது.) முதல் சில மாதங்களின் தொகை தீபாவளியை ஒட்டி ஒன்றாக வந்தது. அதுவரை கடன்தான். மாலையில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு வைத்ததால் டியூஷன் வருமானமும் நின்றுபோயிற்று. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021 மே மாதத்திலிருந்து இருப்பதால் வந்துபோகும் செலவு மிச்சம். அது இல்லாவிட்டால் இந்த வேலையை ஏற்றிருக்கவே முடியாது என்றார். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோதும் வந்தார். விடுப்பு எடுத்தால் அன்றைய ஊதியம் போகும் என்பது ஒரு காரணம். அவருக்குப் பதில் போக அந்தப் பள்ளியில் கணக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது இன்னொன்று.

அவருடைய வருகைக் கையெழுத்து தனி நோட்டில். ஆசிரியர் அறையில் யாரும் அவரை அவமதிக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். தமிழாசிரியை தினமும் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார். ஆனால் ஆசிரியர் கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான திட்டம் பேசும்போது அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், அவரை எதிரில் வைத்துக்கொண்டே, “நிரந்தரமாக ஒரு சாரைப் போடுங்கள் ஐயா” என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். அந்தத் தாய் கேட்டதில் தவறில்லை. நிரந்தர ஆசிரியரைக் கேட்பது பெற்றோரின் உரிமை. அந்த உரிமையான கேள்வி, உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் மீது போய் விழுகிறது; இந்த ஏற்பாட்டின் கொடுமை அதில்தான் இருக்கிறது.

தேர்வும் அதற்குப் பிறகும்

பொதுத்தேர்வு 2023 ஏப்ரல் 6 அன்று தொடங்கியது. மே 19 அன்று முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 91.39 விழுக்காடு. எங்கள் பள்ளியில் மூவரைத் தவிர எல்லோரும் கணக்கில் தேறினார்கள். நூற்றுக்கு நூறு யாரும் எடுக்கவில்லை. ஜூன், ஜூலை வீணாகாமல் இருந்திருந்தால் நன்றாகப் படிக்கும் நாலைந்து பேர் இன்னும் மேலே போயிருப்பார்கள் என்பது என் கணிப்பு. வடிவியலில் தொடங்கியது கீழ்ப்பாதி வகுப்பைத் தூக்கிவிட்டது. மேல்பாதிக்கு இயற்கணிதத்தில் போதிய நேரம் கிடைக்கவில்லை. வந்தவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், தாமதமாக வந்தவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

தேறாத மூவருக்கு ஜூன் இறுதியில் துணைத்தேர்வு. ஆசிரியையின் பணிக்காலம் ஏப்ரலோடு முடிந்துவிட்டது, மே மாதத்துக்கு ஊதியம் இல்லை. அந்த மூவரும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். மே, ஜூன் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். இதை அவருடைய பெருந்தன்மை என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன். கோடையில் தேறாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பள்ளியின் வேலை. அதை ஊதியமில்லாத ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் செய்தார். மூவரில் இருவர் தேறினார்கள்.

ஜூனில் பணிமாறுதலில் ஒரு நிரந்தர ஆசிரியர் வந்தார். ஆசிரியை ஒரு நாள் பள்ளிக்கு வந்து அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். அதில் ஐந்து வகுப்புக்கும் தலா இரண்டு பக்கம். எந்த இயல் உண்மையாக முடிந்தது, எது நோட்டில் எழுதப்பட மட்டும் செய்தது, யாருக்கு எந்த இடத்தில் தடுக்குகிறது, யாரிடம் ஜாமெட்ரி பாக்ஸ் இல்லை, யாருடைய வீட்டில் முந்திரி சீசனில் பிள்ளை பள்ளிக்கு வராது என்ற குறிப்புகள். புதிய ஆசிரியர் அதை வைத்துக்கொண்டு முதல் வாரமே வேலையைத் தொடங்கிவிட்டார் என்பது எனக்கு நேரடியாகத் தெரியும்.

அந்த நோட்டை முன்னிட்டு மேலாண்மைக் குழுவில் மூன்று தீர்மானங்கள் போட்டோம். மாறுதலிலோ ஓய்விலோ நீண்ட விடுப்பிலோ போகும் எந்த ஆசிரியரும் வகுப்புக்கு இரண்டு பக்கக் கையளிப்புக் குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டே போக வேண்டும். தற்காலிக ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு ஓய்வு வேளைகளாவது பதில் வகுப்புக்குத் தொடாமல் விடப்பட வேண்டும். பாட வரிசையைத் தீர்மானிக்கும் பொறுப்பு, நிரந்தரமானாலும் தற்காலிகமானாலும், வகுப்பை நடத்துகிறவருக்கே. முதலாவது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லாத காரியம் என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. இரண்டாவது, ஆள் பற்றாக்குறை இல்லாத வாரங்களில் மட்டும் நடக்கிறது. மூன்றாவதைத் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியை 2024 பிப்ரவரி 4 அன்று நடந்த பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வை எழுதினார். அது பட்டப்படிப்பு அளவிலான கணிதம். முந்தைய கல்வியாண்டு முழுக்கப் பகலில் ஆறாம் வகுப்புப் பின்னங்களும், இரவில் நோட்டும் என்று இருந்தவருக்கு அதைப் படிக்க நேரம் போதவில்லை, சில மதிப்பெண்களில் தவறியது. இப்போது வேறொரு பள்ளியில், பேறுகால விடுப்பில் போன ஓர் ஆசிரியையின் இடத்தில் இருக்கிறார். தமிழ்நாட்டில் அந்த விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம் என்பதால் இம்முறை ஒரு கல்வியாண்டாவது முழுதாகக் கிடைக்கும். சேர்வதற்கு முந்தைய வாரம், விடுப்பில் போகிறவரைத் தானே தேடிப் போய்ப் பார்த்து, வகுப்புக்கு இரண்டு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தார்.